பாலைவனத்தில் ஒரு பெருநகரம்: பீனிக்ஸ்



ஐக்கிய அமெரிக்கா என்றதும் நியூயோர்க், வொஷிங்டன், சிக்காகோ போன்ற நகரங்களே நம் நினைவுக்கு வரும். அந்நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம் எது என்று கேட்டால் நம்மில் பலர் தடுமாறிப் போவோம். அரிசோனா மாநிலத்தின் தலைநகரான பீனிக்ஸ் என்பதே அதற்கான விடை. அமெரிக்காவின் ஐம்பது மாநிலத் தலைநகரங்களுள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஒரே நகரமும் இதுதான்.

இந்நகரம் வளர்ந்த வேகத்தைப் பாருங்கள். 1900ஆம் ஆண்டில் இங்கு வாழ்ந்தோர் 5,544 பேர். 1950இல் அத்தொகை 106,818. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,608,139! சுற்றியுள்ள மேசா, டெம்பி, ஸ்கொட்ஸ்டேல் போன்ற நகரங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ நாற்பத்தெட்டு இலட்சம் பேர். 2010க்கும் 2020க்கும் இடையில் அமெரிக்காவின் பத்துப் பெரிய நகரங்களுள் மிக விரைவாக வளர்ந்தது பீனிக்ஸே.

இதில் என்ன வியப்பு என்று கேட்கிறீர்களா? இந்நகரம் சொனோரன் பாலைவனத்தின் நடுவே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏழெட்டு அங்குலம் மாத்திரமே. கோடையில் வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழமை. கடலும் அருகில் இல்லை. அப்படியானால் இத்தனை இலட்சம் பேரின் சமையலுக்கும் குளிப்புக்கும் துணி துவைப்புக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்த அனலில் பச்சிளங் குழந்தைகளும் முதியோரும் எவ்வாறு வாழ்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால் பீனிக்ஸ் நகரின் முழுக் கதையும் நமக்குக் கிடைத்துவிடும்.

பழைய வாய்க்கால்களின் மேல் புதிய நகரம்

பீனிக்ஸ் என்பது கிரேக்கரின் கற்பனைப் பறவை. அது தீயில் எரிந்து, தன் சாம்பலிலிருந்தே மீண்டும் உயிர்த்தெழும் என்பார்கள். இப்பெயரை இந்நகருக்குச் சூட்டியதற்குக் காரணம் உண்டு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு ஹொஹோகாம் எனப்படும் மக்கள் செழிப்பாக வாழ்ந்தார்கள். சோல்ட் ரிவர், அதாவது உப்பாறு, என்னும் நதியிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு அவர்கள் வாய்க்கால்கள் வெட்டினார்கள். இரும்புக் கருவி இல்லை. பாரம் சுமக்கும் மிருகம் இல்லை. மரக் கழிகளையும் கற்கருவிகளையும் கொண்டே மண்ணைத் தோண்டி, நீர் தானாக ஓடும்படி சரிவைக் கணித்து அமைத்தார்கள். சோளமும் அவரையும் பூசணியும் பருத்தியும் விளைந்தன. பின்னர், ஏறத்தாழ 1450ஆம் ஆண்டளவில், அந்தக் குடியிருப்புகள் கைவிடப்பட்டன. வெள்ளம், வரட்சி, மண்ணில் உப்பேறியமை, உட்பூசல் என ஆய்வாளர்கள் பல காரணங்களை முன்வைக்கிறார்கள். ஆனால் அம்மக்களின் வழிவந்தவர்கள் அழிந்து போகவில்லை. ஓஓதாம் என்ற பெயரில் இன்றும் பீனிக்ஸின் அயலில் வாழ்கிறார்கள்.

1867இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் இவ்வழியே வந்தார். தூர்ந்து கிடந்த பழைய வாய்க்கால்களைக் கண்டு, அவற்றைத் துப்புரவாக்கினால் மீண்டும் பயிரிடலாம் என எண்ணி ஒரு நீர்ப்பாசனக் கம்பனியைத் தொடங்கினார். அவருடன் இருந்த டரல் டுப்பா என்பவரே, அழிந்த நாகரிகத்தின் சாம்பலிலிருந்து புதிய நகரம் எழும் என்று கூறி பீனிக்ஸ் என்ற பெயரை முன்மொழிந்தார். 1889இல் அது அரிசோனாப் பிரதேசத்தின் தலைநகராயிற்று. 1912 பெப்ரவரி 14ஆம் திகதி அரிசோனா அமெரிக்காவின் நாற்பத்தெட்டாவது மாநிலமானது. இன்று நகருக்குள் ஓடும் வாய்க்கால்களுள் சில, ஹொஹோகாம் மக்கள் வெட்டிய தடத்திலேயே ஓடுகின்றன.

ஒருவர் வயல் விளைய, மற்றவர் வயல் காய்ந்தது

இந்த வளர்ச்சிக் கதையில் ஒரு துயரமான பக்கமும் உண்டு. பீனிக்ஸுக்குத் தெற்கே ஓடிய கீலா நதிக்கரையில் அக்கிமெல் ஓஓதாம் மக்கள் வாழ்ந்தார்கள். அக்கிமெல் ஓஓதாம் என்றால் ஆற்று மக்கள் என்று பொருள். 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் பாலைவனம் கடந்து சென்றவர்களுக்குக் கோதுமையும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் இவர்களே. ஆனால் சில பத்தாண்டுகளில், மேலாற்றில் குடியேறியவர்கள் நீரைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறு வற்றியது. அயலாருக்கு உணவளித்த மக்கள் பட்டினி கிடந்தார்கள்.

அவர்கள் நீரை மீளப் பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் கீலா நதிச் சமூகத்துக்குப் பெருந்தொகையான நீருரிமை திரும்பக் கிடைத்தது. இன்று நிலைமை எப்படி மாறியிருக்கிறது தெரியுமா? நீர் தட்டுப்பாடான காலங்களில் மாநில அரசே இவர்களிடம் வந்து, பணம் தருகிறோம், உங்கள் பங்கில் ஒரு பகுதியை எடுக்காமல் விட்டுவையுங்கள் என்று கேட்கும் நிலை வந்திருக்கிறது.

மலையேறி வரும் நதி

உப்பாறு ஒரு நம்ப முடியாத ஆறு. 1891இல் பெருக்கெடுத்து ஊரை மூழ்கடித்தது. அதையடுத்த ஆண்டுகளில் வரண்டு பயிர்களைக் கருக்கியது. எனவே பள்ளத்தாக்கின் விவசாயிகள் ஒன்றுகூடி, தமது சொந்த நிலங்களையே ஈடு வைத்து, மத்திய அரசிடம் கடன் பெற்றார்கள். கிழக்கே மலைகளுக்கிடையில் கல்லால் ஓர் அணைக்கட்டு எழுந்தது. 1911இல் தியடோர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து அதைத் திறந்து வைத்தார். இன்றும் பீனிக்ஸின் நீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்தும் அதன் கிளையான வெர்டே ஆற்றிலிருந்தும் வருகிறது.

ஆனால் சனத்தொகை பெருகப் பெருக அது போதவில்லை. கிணறுகளைத் தோண்டி நிலத்தடி நீரை இறைத்தார்கள். நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. சில இடங்களில் தரையே தாழ்ந்து வெடித்தது. எனவே மாநிலத்தின் மேற்கு எல்லையில் ஓடும் கொலராடோ நதியின் மீது கண் வைத்தார்கள். 336 மைல் நீளமான ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. 1973இல் வேலை தொடங்கி, 1985இல் நீர் பீனிக்ஸை வந்தடைந்தது. 1993இல் வேலை முழுமை பெற்றது.

சகோதரிகளே, நீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதே நாம் அறிந்த நியதி. இக்கால்வாயிலோ நீர் மேல்நோக்கி வருகிறது. வழியிலுள்ள பாரிய இயந்திரங்கள் அதை ஏறக்குறைய 2,900 அடி உயரத்துக்கு ஏற்றுகின்றன. அரிசோனா மாநிலத்தில் மிக அதிகமாக மின்சாரம் செலவிடும் தனி நிறுவனம் இக்கால்வாய்தான். அந்த மின்சாரத்துக்காக வடக்கே நவஹோ பழங்குடியினரின் மண்ணில் நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் ஒன்று 2019 வரை இயங்கியது. அதன் அயலில் வாழ்ந்த பல நவஹோக் குடும்பங்களின் வீடுகளில் மின்விளக்கும் இல்லை, குழாய் நீரும் இல்லை.

பீனிக்ஸுக்கு மேற்கேயுள்ள பாலோ வெர்டே அணுமின் நிலையமும் ஒரு விந்தையே. அணு உலைகளைக் குளிர்விக்க ஏராளமான நீர் வேண்டும் என்பதால் அவற்றைக் கடலோரத்திலோ பெரிய ஆற்றங்கரையிலோ கட்டுவார்கள். இதுவோ பாலைவனத்தின் நடுவே நிற்கிறது. பீனிக்ஸும் அயல் நகரங்களும் பாவித்துவிட்டுக் கழித்த நீரைச் சுத்திகரித்தே இது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நீர் வருவதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் வருவதற்கு நீர் வேண்டும். ஒன்றின் தோளில் மற்றொன்று நிற்கிறது.

குளிரூட்டி கட்டிய நகரம்

முன்பெல்லாம் இவ்வூர் மக்கள் கோடை இரவுகளில் வெளித் திண்ணையில் கட்டிலைப் போட்டு, சுற்றிவர ஈரத் துணியைத் தொங்கவிட்டுத் தூங்கினார்கள். வசதியுள்ளவர்கள் மனைவி மக்களை மலைநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வீட்டுக் குளிரூட்டி பரவலானது. அத்துடன் எல்லாமே மாறிற்று. போர்க்காலத்தில் விமானப் பயிற்சிக்காக வந்த இளைஞர்கள் குடும்பத்தோடு திரும்பி வந்தார்கள். 1949இல் மொட்டரோலா நிறுவனம் தனது ஆய்வுகூடத்தை இங்கு அமைக்க, இலத்திரனியல் தொழில் வேரூன்றியது. 1960 ஜனவரி முதலாம் திகதி, முதியோருக்கென்றே கட்டப்பட்ட சன் சிட்டி என்னும் ஊர் அயலில் திறக்கப்பட்டபோது, அதைப் பார்ப்பதற்கு முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் திரண்டார்கள். பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வெயிலைத் தேடி வந்தார்கள்.

1950இல் 17 சதுர மைலாக இருந்த நகரம் பத்தே ஆண்டுகளில் 187 சதுர மைலாக விரிந்தது. இன்று 500 சதுர மைலுக்கும் அதிகம். மாடி மேல் மாடியாக உயராமல், தோட்டந்துரவுகளை விழுங்கித் தரையோடு தரையாகப் பரவிய ஊர் இது. தோடை மரங்கள் நின்ற இடத்தில் வீடுகள் வந்தன. அண்மைக்கால வளர்ச்சிக்குச் சான்று, நகரின் வட பகுதியில் தாய்வான் நாட்டின் டிஎஸ்எம்சி நிறுவனம் கட்டிவரும் கணினிச் சில்லுத் தொழிற்சாலைகள். 2020இல் 12 பில்லியன் டொலர் முதலீடாக அறிவிக்கப்பட்ட அத்திட்டம், 2025இல் 165 பில்லியன் டொலராக விரிவாக்கப்பட்டது.

அறபுச் சொல்லும் ஹாஜி அலியும்

நமது வாசகியருக்கு ஆர்வமூட்டும் சில செய்திகளும் உண்டு. கோடை மழைக் காலத்தில், சில வேளைகளில் ஆயிரக்கணக்கான அடி உயரமான புழுதிச் சுவர் ஒன்று எழுந்து வந்து நகரையே மூடிவிடும். 2011 ஜூலை 5ஆம் திகதி வந்த புயல் உலகச் செய்தியாயிற்று. அரிசோனாவின் வானிலை ஆய்வாளர்கள் இதனை ஹபூப் என்கிறார்கள். அறபு கற்பிக்கும் எனக்கு இச்சொல்லைக் கண்டதும் மகிழ்ச்சி பொங்கியது. காற்று வீசுவதைக் குறிக்கும் ஹப்ப என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. சூடான் நாட்டின் புழுதிப் புயலுக்கு வழங்கிய பெயரை அமெரிக்க அறிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் புயலுக்கு ஏன் அறபுப் பெயர் என்று கோபித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. ஆனால் சொல் நிலைத்துவிட்டது.

பீனிக்ஸிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் நெடுஞ்சாலையில் குவாட்சைட் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் மையவாடியில் கூர்நுனிக் கோபுரமும் உச்சியில் செப்பு ஒட்டகமுமாக ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1850களில் பாலைவனம் கடக்க அமெரிக்க இராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றைப் பராமரிக்க உஸ்மானிய ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த ஹாஜி அலி என்பவரின் அடக்கத்தலம் அது. பெயரை உச்சரிக்கத் தெரியாத அமெரிக்கர்கள் அவரை ஹை ஜொலி என்று அழைத்தார்கள். 1902இல் அவர் மறைந்தார்.

நாம் எல்லோரும் அறிந்த குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலி அவர்களும் தமது இறுதிக் காலத்தை இப்பகுதியிலேயே கழித்தார். உடல் நடுக்கத்தை உண்டாக்கும் பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டிருந்த அவரின் பெயரில் 1997 முதல் பீனிக்ஸில் ஒரு சிகிச்சை நிலையம் இயங்குகிறது. 2016 ஜூன் 3ஆம் திகதி அயல் நகரான ஸ்கொட்ஸ்டேலில் அவர் காலமானார். டெம்பி நகரில் பல்கலைக்கழகத்தின் அருகே, பைத்துல் முகத்தஸின் குப்பத்துஸ் ஸக்றாவை ஒத்த குவிமாடத்துடன் 1984இல் கட்டப்பட்ட பள்ளிவாசலும் உண்டு.

அனல் கொல்லும்போது

இனி, இந்நகரின் மிகப் பெரிய சோதனைக்கு வருவோம். 2023ஆம் ஆண்டில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து வெப்பம் 43 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தது. 2024இல் 113 நாட்கள் தொடர்ந்து 38 பாகையை எட்டியது. தார் வீதிகளும் சீமெந்துச் சுவர்களும் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவில் உமிழ்வதால் இரவும் ஆறுவதில்லை. வீதியில் விழுந்துவிட்ட முதியவர்கள் தார் சுட்டதால் ஏற்பட்ட எரிகாயங்களுடன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள்.

பீனிக்ஸ் அமைந்துள்ள மரிகோப்பா மாவட்டத்தில் 2023இல் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். 2024இல் 608 பேர். உலகின் மிகச் செல்வந்த நாட்டில்! இவர்கள் யார்? கிட்டத்தட்டப் பாதிப்பேர் வீடற்றவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோரின் வீட்டில் குளிரூட்டி இருந்தது. ஆனால் அது பழுதாகிக் கிடந்தது, அல்லது மின்சாரம் இருக்கவில்லை.

2018ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். தனியாக வாழ்ந்த முதிய தாய் ஒருவர் தமது மின்கட்டணத்தில் பெரும்பகுதியைச் செலுத்திவிட்டார். மீதி ஏறத்தாழ 51 டொலர். அதற்காக ஒரு கடுங்கோடை நாளில் அவரின் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டது. சில நாட்களில் அவர் வீட்டுக்குள் இறந்து கிடக்கக் காணப்பட்டார். இச்செய்தி வெளிவந்ததும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2019இல் மாநில ஆணைக்குழு, தனது கட்டுப்பாட்டிலுள்ள மின்நிறுவனங்கள் கோடையில் இணைப்பைத் துண்டிப்பதற்குத் தடை விதித்தது. 51 டொலருக்காக ஓர் உயிர் போன பின்னரே அந்த விதி வந்தது.

நகர சபையும் சும்மா இருக்கவில்லை. 2021இல் வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே தனியான அலுவலகம் ஒன்றைத் திறந்தது. நூலகங்களும் சமூக மண்டபங்களும் கோடையில் குளிர்ச்சி நிலையங்களாகின்றன. மரம் நடுகிறார்கள். ஆனால் நிழலிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரு காலத்தில் மெக்ஸிக்கோ வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் புகையிரதப் பாதைக்குத் தெற்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். அந்தத் தென்பகுதியில் இன்றும் மரங்கள் குறைவு, வெப்பம் அதிகம்.

எதிர்காலம் என்ன?

கொலராடோ நதியைப் பங்கிட ஏழு மாநிலங்கள் 1922இல் ஒப்பந்தம் செய்தன. மழை வழமைக்கு மாறாக மிகுதியாகப் பெய்த ஆண்டுகளை வைத்து அன்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அதனால் நதியில் இல்லாத நீரும் பங்கிடப்பட்டது. 2021 ஓகஸ்ட் மாதத்தில் வரலாற்றில் முதல் தடவையாக நீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. 2022இல் அரிசோனா தனது பங்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை இழந்தது. பீனிக்ஸுக்குத் தெற்கேயுள்ள விவசாயிகளின் வயல்கள் தரிசாயின.

2023 ஜனவரி முதலாம் திகதி இன்னொரு பாடம் கிடைத்தது. ஸ்கொட்ஸ்டேல் நகருக்கு வெளியே ரியோ வெர்டே என்னுமிடத்தில் அழகான வீடுகள் கட்டிக் குடியேறியிருந்தார்கள். அவற்றுள் சில நூறு வீடுகளுக்குப் பவுசரில்தான் நீர் வந்தது. ஸ்கொட்ஸ்டேல் நகரம் தன் மக்களுக்கே நீர் போதாது என்று கூறி அதை நிறுத்திவிட்டது. பெரிய வீடு, விலையுயர்ந்த வாகனம் எல்லாம் இருந்தும், இல்லத்தரசிகள் மழைநீரை வாளியில் பிடித்து மலசலகூடத்துக்கு ஊற்றினார்கள். பாத்திரம் கழுவ நீரின்றிக் கடதாசித் தட்டில் உணவு பரிமாறினார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் தற்காலிக ஏற்பாடு ஒன்று கிடைத்தது.

அரிசோனாவில் 1980 முதல் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. பீனிக்ஸ் பகுதியில் புதிய வீடமைப்புத் திட்டம் தொடங்குபவர் நூறு ஆண்டுகளுக்கான நீர் இருப்பதை முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும். இச்சட்டத்தின்படியே, நிலத்தடி நீரை மட்டும் நம்பி வரும் புதிய திட்டங்களுக்கு இனி அனுமதியில்லை என்று ஆளுநர் கேட்டி ஹொப்ஸ் 2023 ஜூனில் அறிவித்தார். மக்களும் சிக்கனம் பழகியிருக்கிறார்கள். முற்றத்துப் புல்தரையை அகற்றி, கள்ளி வகைகளையும் பாலைவனச் செடிகளையும் நடுகிறார்கள். இதனால் தலைக்கு ஒருவர் பாவிக்கும் நீரின் அளவு முப்பது ஆண்டுகளில் கணிசமாகக் குறைந்திருக்கிறது. மாநிலம் முழுவதும் இன்று பாவிக்கும் நீர், சனத்தொகை பல மடங்கு குறைவாயிருந்த 1957இல் பாவித்ததை விடக் குறைவு!

சகோதரிகளே, பீனிக்ஸ் ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை. மனிதனின் அறிவும் உழைப்பும் பாலைவனத்தில் வீட்டையும் பாடசாலையையும் தொழிலையும் உண்டாக்கின. ஆனால் அந்நகரை உண்மையில் சோதிப்பது அதன் உயர்ந்த கட்டடங்களோ பில்லியன் கணக்கான முதலீடுகளோ அல்ல. நீர் குறையும்போது யாருடைய வயல் முதலில் காய்கிறது, அனல் கூடும்போது யாருடைய கதவை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் அந்தச் சோதனை. ஆற்று மக்களிடமும் அந்த முதிய தாயிடமும் அந்நகரம் ஒருமுறை தோற்றது. பின்னர் சட்டத்தால் திருத்திக்கொள்ள முயன்றது. திருத்திக்கொள்ளும் மனம் நீடிக்குமானால் அந்நகரமும் நீடிக்கும்.

உங்கள் பிள்ளைகளை அருகில் அழைத்து உலகப் படத்தில் பீனிக்ஸைக் காட்டிக் கொடுங்கள். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது என்றும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.